அவன் செயலா? தன் செயலா?

(கீழ்வேளூரில் நடந்த பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்டிருக்கும் விஷயம், "இதை நான் செய்கிறேன்" என்னும் உணர்ச்சி உயிருள்ள பிராணிகளுக்கு எப்படி உண்டாகிறது என்பதாகும். இது பெரிய பண்டிதர்கள் பேச வேண்டிய விஷயமாயிற்றே, பத்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூட வாசற்படி ஏறாத ஆசாமிக்கு இதில் என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். வாஸ்தவம்தான். நாம் படித்ததெல்லாம் பழைய புத்தகக் கடையில் வாங்கியும், தெரிந்தவர்களிடம் அர்த்தம் கேட்டும் படித்ததேயாகும். ஆனாலும் இந்த விஷயத்தைப் பண்டிதர்கள் வசமே விட்டுவிட்டதனால் அவர்கள் வெகு காலத்திற்கு முன்பே நமக்கு ஒரே வரியில் பதில் எழுதிக் கொடுத்து விட்டார்கள். "எல்லாம் அவன் செயல்" என்பதுதான் அந்தப் பதில். அதற்கு மேல் கேட்டால் நாஸ்திகன் என்கிறார்கள்.

இன்று பிற்பகல் நாம் ரயிலடியில் இறங்கி டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார். ஆறு மா நிலம் வைத்திருக்கிறாராம். "வாய்க்காலில் தண்ணீர் வந்து விடுமா, ஐயா?" என்று கேட்டோம். "வந்தா வரும், வரலேன்னா இல்லே. நம்ம கையிலே என்னங்க தம்பி இருக்கு? எல்லாம் அவன் செயல்" என்றார். "எவன் செயல்?" என்று கேட்டதற்குக் கேடிலியப்பர் கோயில் கோபுரத்தைக் கையைக் காட்டினார்.

நாம் அவரோடு வாதாடவில்லை. ஏனெனில் அவர் சொன்னதில் பாதி சரி. மேட்டூர் அணை 1934-இல் முடிந்தது. ஜூன் 12-ந் தேதி திறப்பது வழக்கம் என்று பேர். அங்கிருந்து புறப்பட்ட தண்ணீர் கல்லணைக்கு வந்து, ஆறு ஆறாகப் பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து, மேலே உள்ளவர்களெல்லாம் பாய்ச்சிக் கொண்ட பிற்பாடு மிச்சம் இருந்தால் வருகிற இடம் இந்தக் கடைமடை. இவர் விடியற்காலையில் எழுந்தாலும் ஒன்றுதான், எழாவிட்டாலும் ஒன்றுதான். வரப்பைச் செதுக்கி வைத்தாலும் ஒன்றுதான், வைக்காவிட்டாலும் ஒன்றுதான். இப்படி நாற்பது ஐம்பது வருஷம் கழித்த மனிதன் "நம் கையில் ஒன்றுமில்லை" என்று சொன்னால் அதை முட்டாள்தனம் என்று நாம் சொல்ல மாட்டோம். அது அவர் கண்ட அனுபவம். ஆனால் மறுபாதி தப்பு. தண்ணீர் யார் கையிலும் இல்லாமல் இல்லை. ஷட்டரைத் திறக்கிறவன் மனிதன். 1990-இல் நடுவர் மன்றம் அமைத்ததும், அது 2007-இல் தீர்ப்புச் சொன்னதும், 2018-இல் சுப்ரீம் கோர்ட்டு அதைத் திருத்தியதும் மனிதர்கள் செய்த காரியங்களே. ஆகவே "அவன் செயல்" என்பதில் அந்த "அவனுக்கு" விலாசம் உண்டு. அந்த விலாசம் கோபுரத்தில் இல்லை என்பதுதான் நமது வழக்கு.

நிற்க, இந்தப் பெரியவரும் ஒரு காலத்தில் தூளியில் கிடந்து காலை உதைத்த குழந்தைதானே? அப்போது இருந்த உணர்ச்சி எங்கிருந்து வந்தது, பிறகு எங்கே போயிற்று என்பதைப் பார்ப்போம்.

"அவனன்றி ஓரணுவும் அசையாது" என்கிறார்களல்லவா? அணுவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் ஒரு ஜந்துவிலிருந்து தொடங்குவோம். நம் ஒவ்வொருவர் குடலிலும் 'ஈ-கோலை' என்னும் கிருமி கோடிக்கணக்கில் குடியிருக்கிறது. ஐந்நூறு கிருமிகளை வரிசையாகப் படுக்க வைத்தால் ஒரு மில்லிமீட்டர் நீளம்தான் வரும். அதற்கு மூளையில்லை, நரம்பில்லை, கண்ணில்லை. உடம்பில் வால் போன்ற சில நூல்கள் உண்டு. அவை பம்புசெட்டு மோட்டார் சுற்றுவது போல் அடியிலிருந்து சுற்றும். ஒரு விநாடி சுமாருக்கு நேராக நீந்தும், பிறகு ஒரு குட்டிக்கரணம் அடிக்கும், பிறகு வேறொரு திசையில் நீந்தும். 1972-இல் அமெரிக்காவில் ஹோவர்டு பெர்க் என்பவர், ஒரே கிருமியை விடாமல் பின்தொடரும் பூதக்கண்ணாடி ஒன்றைச் செய்து இதைப் பார்த்தார். போகிற வழியில் தித்திப்பு ஏறிக்கொண்டே வந்தால் கிருமி கரணம் அடிப்பதைத் தள்ளிப் போடுகிறது. ஆகையால் தித்திப்பு இருக்கும் பக்கமே போய்ச் சேருகிறது. சற்று முன்பு எப்படியிருந்தது, இப்போது எப்படியிருக்கிறது என்று ஒத்துப் பார்க்க மட்டும் அதற்குத் தெரியும். இதை யாரும் உள்ளே உட்கார்ந்து ஓட்டவில்லை. அதற்காக அந்தக் கிருமி "நான் போகிறேன்" என்று நினைக்கிறது என்றும் நாம் சொல்ல வரவில்லை. போகிறது, அவ்வளவுதான். "நான்" அங்கே இன்னும் பிறக்கவில்லை.

பிறகு எங்கே பிறக்கிறது? இதற்கு நீங்கள் புத்தகம் படிக்க வேண்டியதில்லை. உட்கார்ந்த இடத்திலேயே பரீட்சை செய்யலாம். எல்லோரும் ஒரு கண்ணை மூடிக் கொள்ளுங்கள். திறந்திருக்கும் கண்ணின் ஓரத்தில் இமைமேல் விரலை வைத்து மெதுவாக, வெகு மெதுவாக, அழுத்தி அழுத்தி விடுங்கள். மேடை ஆடுகிறதா? தலைவரும் ஆடுகிறாரா? சரி, இப்போது விரலை எடுத்து விட்டு அதே கண்ணை இடமும் வலமுமாக நீங்களாகவே ஓட்டிப் பாருங்கள். மேடை ஆடவில்லை. இரண்டு தடவையும் கண்தான் அசைந்தது. முதலில் உலகம் ஆடிற்று, பிறகு ஆடவில்லை. ஏன்?

மூளை கண்ணுக்கு "அசை" என்று உத்தரவு அனுப்பும்போது, களத்துமேட்டில் கணக்கப்பிள்ளை நெல்லை அனுப்பிவிட்டுத் தன் நோட்டிலும் ஒரு வரி எழுதி வைத்துக் கொள்வது போல, அந்த உத்தரவின் நகலைத் தன்னிடமும் வைத்துக் கொள்ளுகிறது. பிறகு கண்ணிலிருந்து வரும் சேதியை நகலோடு ஒத்துப் பார்க்கிறது. ஒத்திருந்தால் "இது நான் செய்தது, உலகம் ஆடவில்லை" என்று தள்ளிவிடுகிறது. விரலால் அழுத்தும்போது கண்ணுக்கு உத்தரவும் போகவில்லை, நகலும் இல்லை. ஆகையால் உலகமே ஆடுவதாகக் காட்டுகிறது. நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக் கொள்ள முடியாததற்கும் இதுதான் காரணம் என்று 1998-இல் லண்டனில் மூளையைப் படம் பிடித்துக் காட்டியிருக்கிறார்கள்.

இது மனிதனுக்கு மட்டும் கிடைத்த வரப்பிரசாதமுமல்ல. ஜெர்மனியில் ஹோல்ஸ்ட், மிட்டல்ஸ்டெட் என்ற இருவர் ஓர் ஈயின் தலையைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டி வைத்துப் பார்த்தார்கள். வலக்கண் இடப்பக்கமும் இடக்கண் வலப்பக்கமும் போய்விட்டன. பாவம், அந்த ஈ ஓர் அடி வைத்ததும் சுற்ற ஆரம்பித்து நிற்க முடியாமல் சுற்றிக் கொண்டே இருந்தது. நகல் ஒரு பக்கம் சொல்ல, கண் நேர்மாறாகச் சொன்னால் வேறு என்ன செய்யும்? 1950-இல் இதை வெளியிட்டார்கள். ஆகவே "என்னால் நடந்தது", "பிறத்தியாரால் நடந்தது" என்று பிரித்துப் பார்க்கும் கணக்கு ஓர் ஈயினிடத்திலேயே இருக்கிறது.

"அப்படியானால் மூளையல்லவா செய்கிறது, நான் எங்கே செய்கிறேன்?" என்று சில வேதாந்திகள் கேட்பார்கள். மூளை என்ன பக்கத்து வீட்டுக்காரனா? நீ நடந்தாய் என்றால் உன் கால் நடந்தது என்றுதான் அர்த்தம். கால் வேறு, நீ வேறு என்று யாரும் வழக்காடுவதில்லை. மூளைக்கு மட்டும் ஏன் அந்த வழக்கு?

இனி குழந்தை. நம் பக்கத்துத் தாய்மார்கள் நடவுக்குப் போகும்போது வரப்போரத்து மரக்கிளையில் பழைய சேலையால் தூளி கட்டிக் குழந்தையைப் போடுவது வழக்கம். குழந்தை விழித்துக் கொண்டு காலை உதைக்கும். தூளி ஆடும். சற்று நேரம் சும்மா கிடக்கும். மறுபடி உதைக்கும். "வெயில் தாளாமல் உதைக்கிறது" என்று நாம் போய்விடுவோம். 1960-களில் அமெரிக்காவில் ரோவி-கொல்லியர் என்ற அம்மையார் அப்படிப் போய்விடவில்லை. அவரும் கைக்குழந்தைக்காரிதான். படிப்பு வேலையைக் கவனிக்க விடாமல் அழுத பிள்ளையைச் சமாளிக்க, தொட்டிலுக்கு மேலே தொங்கிய பொம்மைக் கொத்தை ஒரு நாடாவால் பிள்ளையின் கணுக்காலில் கட்டி விட்டார். உதைத்தால் பொம்மை ஆடும். பிள்ளை அழுகையை விட்டு விட்டு உதைக்கலாயிற்று. பிறகு பல குழந்தைகளை வைத்து முறையாகப் பரீட்சித்து 1969-இல் வெளியிட்டார். இரண்டு மூன்று மாதக் குழந்தை சில நிமிஷத்திற்குள் வழக்கத்தைவிட இரண்டு மூன்று பங்கு உதைக்கிறது. சில நாள் கழித்து அதே பொம்மையைக் காட்டினால் நினைவு வைத்துக்கொண்டு உதைக்கிறது. நாடாவை அவிழ்த்து விட்டால் உதைத்து உதைத்துப் பார்த்துவிட்டு மெள்ள மெள்ள விட்டு விடுகிறது.

2023-இல் புளோரிடாவில் இதே பரீட்சையை நுட்பமான கருவிகளை வைத்துச் செய்தவர்கள் இன்னொன்று கண்டார்கள். எல்லோரும் உதைப்பதையே எண்ணிக் கொண்டிருந்தார்களல்லவா? இவர்கள் குழந்தை உதைக்காமல் இருக்கும் நேரத்தையும் கவனித்தார்கள். குழந்தை உதைக்கிறது, பொம்மை ஆடுகிறது. பிறகு குழந்தை அசையாமல் கிடக்கிறது, பொம்மையும் நின்று போகிறது. அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான் "நான் அசைந்தால் அது அசைகிறது, நான் நின்றால் அது நிற்கிறது" என்பது குழந்தைக்குப் பிரத்தியட்சமாகிறது என்கிறார்கள். அது தெரிந்த மாத்திரத்தில் சில குழந்தைகளின் உதைப்பு திடீரென்று மாறுகிறதாம். அதாவது முதலில் "நான்" என்று ஒருவன் உள்ளே இருந்து கொண்டு பிறகு காலை ஆட்டவில்லை. கால் தானாக ஆடியது, உலகம் பதில் சொல்லிற்று, நிறுத்திப் பார்த்ததில் "நான்" கிடைத்தது. தாய் வயிற்றில் இருக்கும்போதே பிரமன் தலையில் எழுதி விடுகிறான் என்று சொன்னவர்கள் ஒரு நாளாவது தூளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். தூளியை ஆட்டியதெல்லாம் பெண்பிள்ளைகள், எழுதியதெல்லாம் ஆண்பிள்ளைகள்!

இவ்விதம் அனுபவத்தால் உண்டாகிற உணர்ச்சியானதினாலே அது தப்பாகவும் உண்டாகலாம். இதற்கு உங்களுக்குத் தெரிந்த உதாரணம், போர் போட நீரோட்டம் பார்ப்பவர். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக் கொண்டு கொல்லையில் நடப்பார். ஓர் இடம் வந்ததும் தேங்காய் எழுந்து நிற்கும். நாம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறோம். அவர்களில் பலர் மோசக்காரர்களல்ல. தேங்காய் தானாக எழுவதாகவே அவர்கள் மெய்யாக உணருகிறார்கள். 1853-இல் இங்கிலாந்தில் இதே மாதிரி மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கையை வைத்தால் ஆவி வந்து மேஜையை நகர்த்துகிறது என்று ஒரு பித்துப் பிடித்திருந்தது. மைக்கேல் பாரடே என்ற பெரிய விஞ்ஞானி, இவரும் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பார்த்துக் கொண்டே தானாகப் படித்தவர், கைக்கும் மேஜைக்கும் நடுவில் அட்டைகளை லேசாக ஒட்டி அடுக்கி வைத்தார். மேஜை கையை இழுத்தால் அடி அட்டை முந்த வேண்டும். கை மேஜையைத் தள்ளினால் மேல் அட்டை முந்த வேண்டும். மேல் அட்டைதான் முந்திற்று. பிறகு கை தள்ளுவதை அவர்களே கண்ணால் பார்க்கும்படி ஒரு முள்ளை வைத்துக் காட்டினார். அவ்வளவுதான், ஆவி வரவே இல்லை. தன் செயலைத் தானே அறியாமல் செய்து விட்டு அதை அவன் செயல் என்று சொல்லுவது இவ்வளவு சுலபமாயிருக்கிறது. சாமியாடுகிறவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறோம்.

இனித்தான் முக்கியமான இடம். இந்த உணர்ச்சியை அணைத்து விடவும் முடியும். 1967-இல் அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் செலிக்மன், மையர் என்ற இருவர் நாய்களை வைத்துப் பரீட்சை செய்தார்கள். வாயில்லாப் பிராணிகளை இப்படி வதைத்தது நியாயமா என்றால் நியாயமல்ல என்றே நாமும் சொல்லுவோம். நாய்களைக் கட்டி வைத்து மின்சாரத்தால் அடித்தார்கள். ஒரு நாய் தலைக்குப் பக்கத்தில் இருக்கும் பலகையை முட்டினால் அடி நின்று விடும். இன்னொரு நாய் என்ன செய்தாலும் நிற்காது. முதல் நாய்க்கு நின்றால்தான் இதற்கும் நிற்கும். இரண்டுக்கும் அடி ஒரே அளவுதான். மறுநாள் இரண்டையும் நடுவில் தாழ்வான தடுப்பு வைத்த பெட்டியில் விட்டு அடித்தார்கள். தாண்டிக் குதித்தால் தப்பிக்கலாம். முதல் நாய் குதித்தது. இரண்டாம் வகை நாய்களில் பெரும்பாலானவை குதிக்கவில்லை. முனகிக் கொண்டு படுத்து விட்டன. கட்டு இல்லை, கதவு இல்லை, தடுப்போ தாழ்வு. ஆனாலும் படுத்தே கிடந்தன.

அந்த நாய்கள் "ஒன்றும் பலிக்காது" என்று கற்றுக் கொண்டு விட்டன என்றுதான் அவர்கள் ஐம்பது வருஷமாகச் சொல்லிக் கொண்டிருந்தார்கள். 2016-இல் அவர்களே, மூளைக்குள் பார்த்து வந்த ஆராய்ச்சியைக் கொண்டு, "நாங்கள் தலைகீழாகச் சொல்லிவிட்டோம்" என்று எழுதினார்கள். நெடு நேரம் அடி விழுந்தால் சுருண்டு படுப்பது பிராணிகளுக்கு இயற்கையாகவே உள்ளது. அதை யாரும் கற்க வேண்டியதில்லை. "என்னால் இதை நிறுத்த முடியும்" என்பதுதான் கற்க வேண்டியது. அதைக் கற்ற பிராணியின் மூளையில் முன்பகுதி, சுருண்டு படுக்கச் சொல்லும் பின்பகுதியை அடக்கி விடுகிறது. அன்றியும் ஒரு தடவை கற்ற பிராணி பிறகு நிறுத்த முடியாத அடி விழுந்தாலும் லேசில் படுப்பதில்லை. தம் சொல்லையே ஐம்பது வருஷம் கழித்துத் தப்பு என்று சொன்னார்கள் பாருங்கள், எந்த மடாதிபதியாவது இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறீர்களா?

படுத்த நாய்களை எழுப்ப உபதேசம் பயன்படவில்லை, தடுப்புக்கு அப்பால் தின்பண்டம் வைத்துக் கூப்பிட்டும் பயனில்லை. கழுத்தில் கயிறு கட்டிப் பலமுறை தடுப்புக்கு அப்பால் இழுத்துப் போட வேண்டியிருந்தது. தன் காலாலேயே தாண்டித் தாண்டி, தாண்டினால் அடி நிற்கிறது என்று கண்ட பிற்பாடுதான் அவை தாமாகத் தாண்டின.

நமது பாட்டியார் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பண்ணையொன்றில் பண்ணையாள் குடும்பத்தில் பிறந்தவர். சவுக்கடியும், சாணியைக் கரைத்து வாயில் ஊற்றும் சாணிப்பாலும் இந்த ஜில்லாவில் இருந்தது உங்களுக்குத் தெரியும். "ஏன் சகித்தீர்கள்?" என்று நாம் சிறு பிள்ளையாக இருந்தபோது ஒரு தடவை கேட்டோம். "அடி மழை மாதிரி விழும்டா. மழையைப் போயி யாராச்சும் ஏன் பெய்யிறேன்னு கேப்பாங்களா?" என்றார். வேலையில் தப்பு செய்தாலும் அடி, செய்யாவிட்டாலும் அடி, கூலி கேட்டாலும் அடி, கேட்காவிட்டாலும் அதே கூலி. நம்மவர் கோழைகள், சொரணையற்றவர்கள் என்று பட்டணத்திலிருந்து வந்து பேசுகிறவர்கள் உண்டு. நாமும் ஒரு காலத்தில் அப்படிப் பேசியிருக்கிறோம். அது தப்பு. செயலுக்கும் பலனுக்கும் நடுவில் இருந்த நாடாவை அறுத்து வைத்திருந்தார்கள். அறுத்தது வெளியே தெரியாமலிருக்க அதன்மேல் கர்மம், தலையெழுத்து, போன ஜன்மம் என்று பூச்சுப் பூசி வைத்தார்கள்.

1943 முதற்கொண்டு கீழத்தஞ்சையில் விவசாயிகள் சங்கம் கட்ட வந்த பி. சீனிவாசராவ் தமிழ் தெரியாமல் வந்து தமிழ் கற்றுக் கொண்ட கன்னடக்காரர். அவர் கட்சி வேறு, நம் கட்சி வேறு. ஆனால் செய்த காரியத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அடித்தால் திருப்பி அடி என்று அவர் சொன்னதை இன்றும் கிழவர்கள் சொல்லுவார்கள். சங்கம் கேட்டு முதன்முதலாகக் கூலியில் ஒரு படி நெல் கூடிய அன்று, நமது பாட்டியார் அதை வீட்டுக்குக் கொண்டு வந்து திண்ணையில் கொட்டி மறுபடியும் அளந்தாராம். பிறகு அள்ளாமல் வெகு நேரம் அதையே பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருந்தாராம். களத்தில் அளந்தது போதாதா என்று தாத்தா கோபித்துக் கொண்டாராம். புளோரிடா குழந்தை உதைப்பதை நிறுத்தி விட்டுப் பொம்மையைப் பார்க்கிறது என்று படித்த அன்று நமக்கு அந்தத் திண்ணைதான் ஞாபகம் வந்தது. நெல் கூடியிருக்கிறதா என்று பார்க்க அவர் அளக்கவில்லை. கேட்டதால் கூடிற்று என்பதைப் பார்க்க அளந்தார்.

பிறகு 1952-இல் தஞ்சாவூர் ஜில்லாவுக்கென்றே குத்தகைக்காரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நினைத்தபோது பண்ணையாளை வெளியேற்ற முடியாது என்றாயிற்று. வானத்திலிருந்து விழுந்த சட்டமல்ல அது. ஒன்பது வருஷம் உதைத்த உதைப்பில் ஆடிய பொம்மை.

1968-ஆம் வருஷம் டிசம்பர் 25-ந் தேதி இரவு, இந்தக் கீழ்வேளூர் தாலுகாவைச் சேர்ந்த கீழவெண்மணியில் என்ன நடந்தது என்பதை இந்த ஊர்க்காரர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சிறு குடிசையில் ஒளிந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அவர்கள் கேட்ட கூலி உயர்வு அரைப்படி நெல். அரைப்படிக்காகவா எரித்தார்கள் என்று வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். மிராசுதாரர்கள் போட்ட நிபந்தனையைப் பாருங்கள். செங்கொடியை இறக்கி விட்டுத் தங்கள் சங்கத்துக் கொடியை ஏற்ற வேண்டும் என்பது அது. அரைப்படி நெல் அவர்களுக்கு ஒரு பொருட்டல்ல. கேட்டால் கிடைக்கும் என்று ஜனங்கள் கற்றுக்கொண்டு விட்டார்களே, அதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. கற்றதை மறக்கடிக்க அவர்களுக்குத் தெரிந்த வழி நெருப்பு.

1970-இல் நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட்டு சில மிராசுதாரர்களைத் தண்டித்தது. 1973-இல் சென்னை ஹைகோர்ட்டு அவர்களை விடுதலை செய்தது. நிலமும் காரும் உள்ள பணக்காரர்கள் தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கஷ்டம் என்கிற கருத்து அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. குடிசை தானாக எரிந்தது என்று மட்டும் தீர்ப்பில் எழுதவில்லை. "செய்தவன் யார்?" என்ற கேள்விக்கு இந்த நாட்டில் பதில் சொல்லும் விதம் அது.

நேரமாகி விட்டது. டீக்கடையில் பார்த்த பெரியவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். கண்ணை அழுத்திப் பார்க்கச் சொன்னபோது அவர்தான் முதலில் சிரித்தார். கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம், எழுதத் தெரியாதவர்கள் எழுந்து நின்றே கேட்கலாம். வீட்டில் இரண்டு மூன்று மாதக் குழந்தை இருக்கிறவர்கள் கணுக்காலில் ஒரு மெல்லிய நாடாவைக் கட்டி, மறுமுனையை மேலே தொங்கும் கிலுகிலுப்பையில் கட்டிப் பாருங்கள். நாடா இறுகாமல் இரண்டு விரல் இடம் விட்டுக் கட்டுங்கள். கட்டி விட்டு எழுந்து போய்விடாமல் பக்கத்திலேயே இருந்து பாருங்கள். குழந்தை உதைப்பதை நிறுத்தினால் தூங்கப் போகிறது என்று எண்ணி அவிழ்த்து விடாதீர்கள். அதன் முகத்தைக் கவனியுங்கள்.